பாட்டு எழுதியவருக்குக் காசு கொடுத்துவிட்டால் பாட்டு நம்முடையதா?

நீங்கள் கேட்டிருப்பது, "பாடலாசிரியருக்கு ராயல்டி எத்தனை விழுக்காடு கொடுப்பது வழக்கம்?" என்று. கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் உங்களை உறுத்துவது அதைவிடப் பெரிய ஒன்று. பினாங்கில் ஆறு பாட்டு கொண்ட ஒரு தொகுப்பு செய்கிறீர்கள். மெட்டு எல்லாம் உங்களுடையது. நான்கு பாட்டுக்கு வரி எழுத பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு பாடலாசிரியரைப் பாட்டுக்கு 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று பேசி, பாதிப் பணமும் கொடுத்தாகிவிட்டது. ஐந்தாவது, அவர் எப்போதோ எழுதி வைத்திருந்த கவிதை. உங்களுக்குப் பிடித்துப்போய் மெட்டுப் போட்டுவிட்டீர்கள். ஆறாவதைச் சென்னையில் ஒருவர் எழுதித் தந்திருக்கிறார். எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியது. ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. இப்போது பட்டர்வொர்த் நண்பர் "ராயல்டி எப்படி?" என்று கேட்டதும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கிறது. காசு கொடுத்து எழுதச் சொன்ன பிறகு பாட்டு என்னுடையதுதானே, இன்னும் எதற்குப் பங்கு? இதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சட்டம் படித்தவன். கோலாலம்பூரில் பாட்டு, நாடகம், விளம்பரம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களை எழுதுவதும், எழுதாமல் விட்டதால் வந்த சண்டைகளைத் தீர்த்துவைப்பதும் பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. உங்கள் வாட்ஸ்அப் உரையாடலை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சட்டம் தெளிவாகச் சொல்வது எது, இரு பக்கமும் வாதாட இடமிருப்பது எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

தெளிவாக இருப்பதிலிருந்து தொடங்குவோம். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 26ஆவது பிரிவைப் பாருங்கள். படைப்பின் உரிமை முதலில் படைத்தவருக்கே என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அடுத்த உட்பிரிவிலேயே கதை மாறுகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் இன்னொருவர் ஒரு படைப்பைச் செய்து கொடுத்தால், அதன் உரிமை கேட்டுச் செய்வித்தவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் அந்த ஒப்பந்தம் செல்லும். இது பலருக்கும் தெரியாது. இணையத்தில் நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்து, இந்தியச் சட்டங்களை வைத்து எழுதியவை. அங்கே வெளியாளிடம் சொல்லி எழுதி வாங்கிய பாட்டு வரியின் உரிமை, எழுதித் தராதவரை, எழுதியவரிடமே இருக்கும். மலேசியாவில் அது தலைகீழ். ஆக, அந்த நான்கு பாட்டின் வரிகளைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்டதால்தான் அவர் எழுதினார், கூலியும் பேசப்பட்டது என்றால், ஒப்பந்தமே இல்லாத இந்த நிலையிலும் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. பட்டர்வொர்த் நண்பர் இதைப் படித்தால் வருத்தப்படுவார். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இந்த நாட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஐந்தாவது பாட்டில் நிலைமை நேர்மாறு. அந்தக் கவிதையை நீங்கள் கேட்டு அவர் எழுதவில்லை. உங்களைச் சந்திப்பதற்கு முன்பே அது இருந்தது. அப்படியானால் 26ஆவது பிரிவின் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது, உரிமை முழுக்க அவருடையது. அதை வாங்குவதோ பயன்படுத்த அனுமதி பெறுவதோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 27ஆவது பிரிவு. "எடுத்துக்குங்க, நல்லா இருந்தா சரி" என்று அவர் கோப்பிக் கடையில் சொன்னது உங்களைக் காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால்? மின்னணுச் செய்தியும், பிற்பாடு திறந்து படிக்கக்கூடியதாக இருந்தால், எழுத்தாகவே கொள்ளப்படும் என்று 2006ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டம் சொல்கிறது, இதுவரை உறுதி. ஆனால் "ஓகே ப்ரோ" என்பதும் கட்டைவிரல் படமும் எந்த உரிமையை, எவ்வளவு காலத்துக்கு, எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுத்தன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அதை நம்பி ஒரு பாட்டை வெளியிடாதீர்கள். ஆறு பாட்டில் ஆபத்து அதிகம் உள்ளது இதுதான். முதல் கையெழுத்தை இதற்கு வாங்குங்கள்.

சென்னைப் பாட்டுக்கு வருவோம். இந்தியச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவர் உரிமையைக் கைமாற்றிக் கொடுத்தாலும், அந்தப் பாட்டு எந்த வடிவில் பயன்பட்டாலும் வரும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை அவரிடமே நிற்கும். திரைப்படத்தில் இல்லாத தனிப்பாடலுக்கும் இது பொருந்தும். அந்தப் பங்கை வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. இன்னும் சில கண்ணிகள் உண்டு. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். எந்தெந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். பினாங்கிலிருந்து கேட்டு, சென்னையில் இருந்து எழுதிய பாட்டுக்கு இரண்டில் எந்த நாட்டுச் சட்டம் முதல் உரிமையாளரைத் தீர்மானிக்கும் என்பதில் இரு பக்கமும் நன்றாகவே வாதாடலாம். நான் ஒரு பக்கத்தில் பந்தயம் கட்டமாட்டேன். ஒப்பந்தத்தில் காலம், நாடு இரண்டையும் பச்சையாக எழுதி, எழுதியவரின் ராயல்டி பங்கைத் தொடாமல் விட்டுவிட்டால் எந்தச் சட்டம் வந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை.

சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்காக பட்டர்வொர்த் நண்பரிடம் "காசு வாங்கியாச்சு, முடிஞ்சது" என்று சொல்வீர்களானால் அது முட்டாள்தனம் என்பேன். இது என் அபிப்பிராயம், சட்டம் இல்லை. பாலேக் பூலாவில் டுரியான் பருவத்தில் ஒரு தோட்டத்துக் காயை மட்டும் குத்தகைக்கு எடுப்பவர் இருக்கிறார், நிலத்தையே வாங்குபவரும் இருக்கிறார். இருவரும் ஒரே விலை கொடுப்பதில்லை. 500 வெள்ளிக்கு நீங்கள் வாங்கியது காயா நிலமா என்று உங்கள் இருவருக்குமே தெரியாது, ஏனென்றால் பேசவே இல்லை. உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யோசியுங்கள். இந்த மெட்டோடு இந்த வரியைப் பதிவு செய்யணும், எல்லாத் தளத்திலும் எல்லா நாட்டிலும் வெளியிடணும், மேடையில் பாடணும், வீடியோ எடுக்கணும், யாராவது நாடகத்துக்கோ விளம்பரத்துக்கோ கேட்டால் அவர் ஊரில் இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட முடியணும். இவ்வளவுதான். இதற்கு அவருடைய வரி முழுவதையும் ஆயுளுக்கும், இறந்து 50 வருடம் வரைக்கும் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. அந்த வரியைத் தன் கவிதைத் தொகுப்பில் அவர் அச்சிட்டால் உங்களுக்கு என்ன போய்விடும்? அதே வரியை இன்னொரு மெட்டில் இன்னொருவர் பாடக்கூடாது என்பது மட்டும் உங்களுக்கு முக்கியம். அதை எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது ராயல்டி. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன். ஒரு பாட்டு வெளியானால் அதில் மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. வரி எழுதியவருடையது அல்லது அவரிடமிருந்து வாங்கியவருடையது. மெட்டு உங்களுடையது. ஸ்டூடியோவில் செய்து முடித்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், அதற்கான ஏற்பாட்டைச் செய்தவருடையது. செலவழித்து ஏற்பாடு செய்தது நீங்கள் என்றால் அதுவும் உங்களுடையது. பணம் இந்த மூன்றுக்கும் வேறு வேறு வழியில் வருகிறது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற தளங்களுக்குப் பாட்டை ஏற்றிவிடும் விநியோக நிறுவனம் உங்கள் கணக்கில் போடுகிறதே, அது மாஸ்டருக்கான பணம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய பணம் அந்தக் கணக்கில் வராது. அது உரிமச் சங்கம் வழியாகவோ இசைப் பதிப்பகம் வழியாகவோ வரும். மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலியில் பாட்டு ஒலித்தாலும், ஹோட்டல், உணவகம், மேடை என்று பொது இடத்தில் ஒலித்தாலும், வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரியதை வசூலிப்பது எம்.ஏ.சி.பி. என்ற உரிமச் சங்கம்; 1989இல் தொடங்கியது. ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்கு பி.பி.எம். என்றும், பாடியவர், வாசித்தவர்களுக்கு ஆர்.பி.எம். என்றும் தனித்தனி அமைப்புகள்.

இந்தப் பிரிவு புரிந்துவிட்டால் பாதிச் சண்டை காணாமல் போகும். பாடலாசிரியர் எம்.ஏ.சி.பி.யில் உறுப்பினராகி, இந்த நான்கு பாட்டையும் பதிவு செய்து, வரிக்கு அவர் பெயர், மெட்டுக்கு உங்கள் பெயர் என்று பங்கைக் குறித்துவிட்டால், வானொலியில் ஒலிக்கும்போது அவர் பங்கு நேரே அவருக்குப் போகும். உங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு காசு போகாது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள நினைப்பது வெறும் பேராசை. முழு வரியும் ஒருவர், முழு மெட்டும் ஒருவர் என்றால் சரிபாதி என்பதுதான் பொதுவழக்கு. பல்லவியின் முதல் வரியை டம்மியாக நீங்கள் பாடி அனுப்பினீர்கள், அது அப்படியே நின்றுவிட்டது என்றால் வரியிலும் ஒரு சிறு பங்கு கேட்கலாம். ஆனால் அதைப் பாட்டு வெளியாகும் முன் கேளுங்கள். ஹிட்டான பிறகு "அந்த வரி நான்தான் சொன்னேன்" என்று கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், யாரும் நம்புவதில்லை.

ஒரு நுணுக்கம். சங்கத்தில் சேரும்போது உறுப்பினர் தன் பாட்டுகளைப் பொதுவில் ஒலிபரப்பும் உரிமையைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார், இனி எழுதப்போகும் பாட்டையும் சேர்த்து. இந்தியாவில் இதே வேலையைச் செய்யும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் இதே கதைதான். ஏற்கனவே ஒருவருக்குக் கொடுத்ததை அவர் மறுபடியும் உங்களுக்கு விற்க முடியுமா? 26ஆவது பிரிவுப்படி உரிமை உங்களுக்கு வந்துவிட்டது, ஆகவே சங்கத்துக்கு அவர் கொடுத்தது செல்லாது என்று ஒரு வக்கீல் வாதாடலாம்; இன்னொருவர் மறுக்கலாம். இந்தச் சந்தேகத்தில் காசைக் கரைக்காதீர்கள். "எழுதியவர் உறுப்பினராக இருக்கும் உரிமச் சங்கத்துக்குக் கொடுத்த உரிமை இந்த ஒப்பந்தத்தில் சேராது, அதன்வழி வரும் எழுத்தாளர் பங்கு அவருக்கே" என்று ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வியே எழாது. கையெழுத்துக்கு முன் அவர் உறுப்பினரா என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் மறக்காதீர்கள். நீங்களும் மெட்டுக்காக உறுப்பினராகாமல் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். பாட்டு நாலு இடத்தில் ஒலித்தும் பதிவு இல்லாததால் பணம் வராமல் கிடப்பது நம் ஆட்களிடையே சர்வசாதாரணம்.

மாஸ்டர் பணத்தில் பாடலாசிரியருக்குப் பங்கு உண்டா என்றால், சட்டப்படி கட்டாயம் இல்லை, பேசிக்கொள்வதுதான். இங்கேதான் நீங்கள் கேட்ட விழுக்காடு வருகிறது. இதற்கு நிலையான சந்தை விலை என்று ஒன்றும் இல்லை. யாராவது "இண்டஸ்ட்ரி ரேட் இதுதான்" என்று அடித்துச் சொன்னால் அவர் தன் ரேட்டைச் சொல்கிறார் என்று அர்த்தம். எத்தனை விழுக்காடு என்பதைவிட எதில் விழுக்காடு என்பதைக் கவனியுங்கள். ஒரு பாட்டுக்கு ரெக்கார்டிங், மிக்சிங், வீடியோ எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளி செலவானது, ஒரு வருடத்தில் விநியோக நிறுவனத்திடமிருந்து 700 வெள்ளி வந்தது என்று வைத்துக்கொள்வோம். "நிகர லாபத்தில் 20 விழுக்காடு" என்று எழுதியிருந்தால் அவருக்கு ஒன்றுமே கிடையாது, பல வருடத்துக்கு. "மொத்த வரவில் 10 விழுக்காடு" என்றிருந்தால் 70 வெள்ளி கிடைக்கும். பெரிய எண்ணைக் காட்டிச் சின்ன காசைக் கொடுப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. நீங்கள் அதைத் தெரியாமல் செய்தாலும் அவர் தெரிந்து செய்ததாகத்தான் நினைப்பார். "வரவு" என்றால் விநியோக நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்தபின் என் கணக்கில் வந்த தொகை, வேறு எதையும் கழிக்கமாட்டேன் என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

எதிர்பார்ப்பையும் தரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ஒலிப்பதிவு ராயல்டி கணக்கே தொடங்கும். நம்முடைய தனிப்பாடல்களில் பல அந்தக் கோட்டைத் தாண்டத் தடுமாறுகின்றன. ஆகவே உங்கள் நண்பருக்கு நேர்மையாகச் சொல்லுங்கள்: தளங்களிலிருந்து வரும் காசு அநேகமாகக் கோப்பிக்காசு. உண்மையான பணம் வந்தால் அது ஒரு விளம்பரமோ, தொலைக்காட்சி நாடகமோ, படமோ உங்கள் பாட்டைக் கேட்கும்போது வரும். அந்தத் தொகையைத்தான் இருவரும் இப்போதே பேசி வைக்க வேண்டும். என்னிடம் வந்தால் நான் சொல்வது இது: கேட்கும் நிறுவனத்திடம் பாட்டின் படைப்புக்கு ஒரு தொகை, மாஸ்டருக்கு ஒரு தொகை என்று பிரித்து வாங்குங்கள். படைப்புத் தொகையில் வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி. மாஸ்டர் தொகை செலவு செய்த உங்களுக்கு. எனக்குத் தெரிந்து ஒரு பாட்டு அரிசி விளம்பரத்துக்குப் போனது; மெட்டுப் போட்டவர் தொகை முழுவதையும் வாங்கிக்கொண்டார், எழுதியவர் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இருவரும் நெருங்கிய நண்பர்கள். பிறகு பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கணக்கு காட்டுவதற்கு வருடம் இரண்டு தடவை போதும். சூன், டிசம்பர் முடிவில். குறைந்தபட்சம் 50 வெள்ளியோ 100 வெள்ளியோ சேர்ந்தால் பணம் அனுப்புவது, இல்லையென்றால் அடுத்த கணக்கில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநியோக நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதபோது அது எளிது.

பணத்தைத் தவிர ஒப்பந்தத்தில் எதற்கு இடம் கொடுக்கலாம்? பெயருக்கு. உரிமை உங்களுக்கு வந்தாலும் படைத்தவரின் பெயரைக் குறிப்பிடும் கடமையும், அவர் மரியாதை கெடும்படி படைப்பைச் சிதைக்காமல் இருக்கும் கடமையும் 25ஆவது பிரிவின்படி நிற்கும். யூடியூப் விவரத்தில், தளங்களின் பெயர்ப்பட்டியலில், வரிகள் ஓடும் வீடியோவில், பத்திரிகைக்கு அனுப்பும் குறிப்பில் என்று எங்கெங்கே பெயர் வரும் என எழுதிவிடுங்கள். அடுத்தது திருத்தம். பாடகர் மைக் முன் நின்று "இந்தச் சொல் வாயில் வரல" என்பார். அங்கேயே ஒரு சொல்லை மாற்றிப் பாடி முடித்துவிடுவீர்கள். சிறு மாற்றம் செய்ய உங்களுக்கு அனுமதி, ஒரு முழு அடியை மாற்றினால் அவரைக் கேட்பது, அவர் இலவசமாக இரண்டு முறை திருத்தித் தருவது, மூன்றாவது முறை கேட்டால் கூடுதல் காசு என்று எழுதினால் யாருக்கும் மனக்கசப்பு வராது. எழுதி வாங்கிய வரியைப் பயன்படுத்தாமலே போனால்? 18 மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் வரி அவருக்கே திரும்பும், கொடுத்த முன்பணம் அவரிடமே இருக்கும் என்று எழுதுவது நியாயமாக எனக்குப் படுகிறது. மலாய் வரியோடு ஒரு பதிப்பு, ரீமிக்ஸ், வேறு பாடகர் பாடுவது இவற்றுக்கும் ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். கடைசியாக, வரி சொந்தமாக எழுதியது, எங்கிருந்தும் எடுத்தது அல்ல, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுத வைத்தது அல்ல என்ற உறுதிமொழி. இயந்திரம் எழுதிய வரிக்குப் பதிப்புரிமை உண்டா என்பது இன்னும் தெளிவாகாத விஷயம். இல்லாத உரிமைக்கு 500 வெள்ளி கொடுக்க வேண்டாமே.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: இசைக்கோர்ப்பு செய்து தரும் நண்பர். நீங்கள் ஹம் செய்து அனுப்பிய மெட்டை வைத்து முழு ட்ராக்கையும் கட்டித் தருபவர், நடுவில் வரும் புல்லாங்குழல் துணுக்கைத் தானே போட்டவர், பிற்பாடு "நானும் இசையமைப்பாளர்தான்" என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். மெட்டில் அவர் பங்கு உண்மையாகவே இருந்தால் நீங்கள் கூட்டு உரிமையாளர்கள். நம் சட்டப்படி கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் கொடுக்கும் அனுமதி மற்றவரும் கொடுத்ததாகவே செல்லும். வந்த பணத்தை நியாயமாகப் பங்கிட வேண்டும், அவ்வளவுதான். அதாவது உங்களைக் கேட்காமலே அவர் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மெட்டை விட்டுவிட முடியும். தனக்கு வேண்டியது கூலியா பங்கா என்று அவரிடமும் இப்போதே பேசி எழுதுங்கள்.

மற்றவை சில்லறை வேலைகள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தாமதமாகப் போனால் தண்டமும் சேரும். எழுதுபவர் 18 வயது ஆகாத மாணவர் என்றால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை, பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசி, ஒரு வக்கீலிடமும் காட்டுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, படைப்பு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வந்ததுமே உரிமை பிறந்துவிடும். ஆனாலும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் 2012இலிருந்து விருப்பத்தின் பேரில் அறிவிப்புச் செய்யலாம். பிற்பாடு தகராறு வந்தால் அந்தப் பதிவேட்டின் நகல் கைகொடுக்கும். சென்னைக்காரருக்கு அனுப்பும் பணத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு ராயல்டியாகக் கொடுக்கும் தொகையில் 10 விழுக்காட்டைப் பிடித்து ஒரு மாதத்துக்குள் வரி வாரியத்தில் கட்டுவது கொடுப்பவரின் பொறுப்பு. ஒரே தடவை கொடுத்து முடிக்கும் கூலியும் அதில் அடங்குமா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அதை என்னைவிட ஒரு வரிக் கணக்காளர் நன்றாகச் சொல்வார். பட்டர்வொர்த் நண்பருக்கு நல்ல செய்தி ஒன்று: இங்கே வசிப்பவர் தன் சொந்த எழுத்துப் படைப்புக்கோ இசையமைப்புக்கோ பெறும் ராயல்டியில் வருடத்துக்கு 20,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு.

இதற்கெல்லாம் பாட்டுக்கு ஒரு வக்கீல் வைத்தால் 500 வெள்ளிப் பாட்டுக்கு 1,500 வெள்ளி செலவாகும், அதைச் செய்யச் சொல்லமாட்டேன். மேலே சொன்னவற்றை வைத்துத் தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதி, ஒரு தடவை மட்டும் வக்கீலிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். பெயரையும் பாட்டுத் தலைப்பையும் மாற்றி நான்கு பாட்டுக்கும் அதையே பயன்படுத்தலாம். கவிதைக்கும் சென்னைப் பாட்டுக்கும் மட்டும் தனித்தனித் தாள் வேண்டும். பேசிய கூலி வரவில்லை என்ற அளவிலான தகராறு 5,000 வெள்ளிக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வக்கீல் இல்லாமலே யாரும் போகலாம். உங்கள் நண்பருக்கும் அது தெரிந்திருக்கக்கூடும், ஆகவே மீதிப் பாதிப் பணத்தை இழுத்தடிக்காதீர்கள். ஒரு நிறுவனம் "பாட்டை விளம்பரத்துக்குத் தருகிறீர்களா?" என்று தன் ஒப்பந்தத்தை அனுப்பினால் அன்றைக்கு வக்கீல் கட்டணத்துக்கு யோசிக்க வேண்டாம். அவர்கள் அனுப்பும் தாளில் "எல்லா ஊடகத்திலும், எக்காலத்துக்கும்" என்று எங்காவது எழுதியிருக்கும், தொகை ஒரு மாத விளம்பரத்துக்கு உரியதாக இருக்கும்.